வைப்பாறும் ஓர் உடைமுள்ளும்

இன்றைக்கு மதியம் ஒரு லாரிக்காரர் கிழிந்த தார்ப்பாயைக் கொண்டுவந்து கடை வாசலில் போட்டார். தூத்துக்குடிக்கு உப்பு ஏற்றப் போகிற வண்டியாம், சாயங்காலத்துக்குள் தைத்துக் கொடுக்க வேண்டுமாம். மழையில் நனைந்து, சரியாகக் காயாமலே சுருட்டிக் கட்டிய தார்ப்பாய். விரித்ததும் ஒரு வாடை கிளம்பியது பார், ரப்பரும் பூஞ்சையும் எண்ணெயும் சேர்ந்த வாடை, எனக்கு மிஷினில் கால் ஓடவில்லை. நீ இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற வாடை அது. லாரிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ரொம்பக் கிழிந்திருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

உனக்கு நான் தைத்த பாவாடையும் இந்தத் துணியில்தானே. படகின் வாய்க்குள் இறங்கி உட்கார்ந்தபிறகு, தண்ணீர் உள்ளே புகாதபடி இடுப்பிலிருந்து விளிம்பு வரை இழுத்து மாட்டுகிற அந்தத் துணிக்கு வேறு பெயர் உண்டு. எங்களுக்குப் படகு பழக்கிய சேர்மராஜ் அண்ணாச்சி அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். நம் ஆட்கள் காதில் ஏறவில்லை. பார்த்த அன்றைக்கே அது பாவாடை என்று முடிவாகிவிட்டது. முறுக்கு மீசை வைத்தவர்கள் எல்லாம் என் கடை வாசலில் நின்று பாவாடைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கதையை உன்னிடம் சொன்ன நாளில் நீ சிரித்த சிரிப்பில் உன் ஆடுகள் மேய்ச்சலை விட்டு நிமிர்ந்து பார்த்தன.

கோவில்பட்டியில் படகு ஓட்டுகிறோம் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? அண்ணாச்சி ரிஷிகேசத்தில் பல வருடம் இருந்தவர். சுற்றுலா வருகிறவர்களைக் கங்கையின் நுரைத்தண்ணீரில் படகில் கூட்டிப்போகிற வேலை. அம்மாவுக்கு முடியாமல் போகவும் ஊருக்குத் திரும்பினார். திரும்பும்போது அங்கே கழித்துப் போட்ட பழைய படகுகளில் சிலதைப் பருப்பு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். தண்ணி லாரிக்குப் பின்னால் ஓட்டப் போகிறீர்களா என்று டீக்கடையில் கேட்டார்கள். தண்ணியில்லாக் காட்டுப் படகுச் சங்கம் என்று பெயரும் அவர்களே வைத்தார்கள். நல்ல பெயராக இருக்கவே நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம்.

நான் அதில் சேர்ந்தது ஆசையில் இல்லை. மிஷின் மிதித்து மிதித்து இடுப்பு செத்துப்போயிருந்தது. தண்ணீரில் இறங்கி ஏதாவது செய் என்று டாக்டர் சொன்னார். கரிசக்காட்டில் இருந்துகொண்டு தண்ணீருக்கு நான் எங்கே போவேன்? அண்ணாச்சியிடம் போனேன். கோடையில் காய்ந்த கண்மாய்க்குள் வெடித்த மண்ணின்மேல் படகைப் போட்டு, அதற்குள் உட்கார்ந்து காற்றைத் துடுப்பால் தள்ளப் பழகினோம். ரோட்டில் போன பஸ் மெதுவாகி, ஆட்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு ஐப்பசி பிறந்து உங்கள் ஊர்க் கண்மாய் பெருகியது. நாகலாபுரத்தைத் தாண்டி, படகுகளை வேனின் தலையில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினோம். நீ கரையில் ஆடுகளோடு நின்றாய். படகுகளைப் பார்த்து உன் ஆடுகள் மிரண்டு தண்ணீர் குடிக்காமல் திரும்பின. அதற்கு நீ எங்களைத் திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது, எழுதத்தான் முடியாது. திட்டி முடிப்பதற்குள் என் படகு கவிழ்ந்தது. தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்குகிறேன், பாவாடையைப் பிடுங்கிவிட்டு வெளியே வரவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது எல்லாம் மறந்துபோயிற்று. சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு குதித்தவள் நீதான். படகோடு சேர்த்து என்னைக் கரைக்கு இழுத்துவிட்டு, அண்ணாச்சியைப் பார்த்துக் கேட்டாய்:

"நீச்சல் தெரியாதவளத் தொட்டிக்குள்ள போட்டு எதுக்குய்யா கட்டி வச்சிருக்கீய?"

அடுத்த வாரம் நாங்கள் வந்தபோது ஆடுகளை உன் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு நீ முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாய். எனக்கும் ஒரு தொட்டி கொடுங்கள், பார்ப்போம் என்றாய். கிணற்றில் பனையோலை மட்டையைப் பிடித்துக்கொண்டு நீச்சல் பழகியவளுக்குத் தண்ணீரிடம் என்ன பயம்? துடுப்பை அகப்பை என்றாய். சொன்னது எதையும் ஒழுங்காகக் கேட்கவில்லை. வலதுபக்கம் என்றால் இடதுபக்கம் போவாய், போய்விட்டு, இந்தப் பக்கந்தான் நல்லாருக்கு என்பாய். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொள்வார். எனக்கு என்னமோ உன்னைப் பார்த்ததிலிருந்துதான் அந்தச் சங்கம் பிடித்துப்போயிற்று. என் வயதில் எனக்கு ஒரு புதுச் சிநேகிதி கிடைப்பாள் என்று யார் நினைத்தது?

செருப்புப் பேச்சு வந்தது அந்த வருடந்தான். வடக்கே படகு ஓட்டுகிறவர்கள் ரப்பர் ஷூ போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார்கள், நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்றார் அண்ணாச்சி. நம் பக்கத்தில் யார் செருப்போடு கண்மாய்க்குள் இறங்குவார்கள்? வருடத்தில் கொஞ்ச நாள் வருகிற தண்ணீர். கரையில் செருப்பைக் கழற்றிப் போட்டு, குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கால் வைப்போம். நீதான் அதை வாய்விட்டுச் சொன்னாய்.

"செருப்புக் காலோட எறங்குனா, மறுவருசம் அது நம்ம பக்கம் எட்டிப் பாக்குமா அண்ணாச்சி?"

அண்ணாச்சியும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே. தலைக்கவசம், மிதவைச் சட்டை, கயிறு, விசில் என்று தண்ணீரிடமிருந்து எங்களைக் காப்பாற்ற எல்லாவற்றையும் கட்டாயமாக்கியவர், செருப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டார். அதன்பிறகு எங்கே போனாலும் கரையில் நம் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். அதைப் பார்த்துத்தான், படகுக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்வார்கள்.

எவ்வளவு நல்ல நாட்கள் அவை. அணை திறந்த சமயங்களில் தாமிரபரணிக்குப் போனோம். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் வெள்ளையாகப் பொங்குவதைப் பார்த்துவிட்டு, பால் காய்ச்சுகிற மாதிரி இருக்குட்டி என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். முதல் இறக்கத்தில் நீ அலறிய அலறலில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் கரையேறி ஓடினார்கள். சோற்று மூட்டையை அவிழ்த்து எல்லாரும் சாப்பிடும்போது, உன் துவையலுக்கு அடிபிடி. ஆனாலும் உனக்குத் தாமிரபரணி அவ்வளவாக ஒட்டவில்லை. அது எப்போதும் ஓடுகிற ஆறு, அதற்கு நாம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்பாய். உன் மனசெல்லாம் வைப்பாறுதான். மழைக்கு மட்டும் வருகிற, கரிசலைக் கரைத்துக்கொண்டு கறுப்பாக ஓடுகிற வைப்பாறு. உடைந்த தரைப்பாலத்துக்குக் கீழே அது விழுந்து நுரைக்கிற இடத்தில் இறங்க உனக்கு அலுத்ததே இல்லை. எப்போதும் கடைசிப் படகு உன்னுடையதுதான். எல்லாரையும் முன்னே விட்டு, கிடை ஆட்டைப் பத்துகிற மாதிரி பின்னாலிருந்து சத்தம் போட்டுக்கொண்டே வருவாய்.

அந்தக் கடைசி வருடமும் ஆறு வந்திருக்கு என்று நீதான் போன் போட்டாய். வேனைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தோம். ஊரெல்லாம் சீமைக்கருவேலம் என்கிற நம் உடை, ஆற்றுக்குள்ளேயே காடாக முளைத்து நின்றது. புதிதாகச் சேர்ந்த ஒருவரின் படகை வெள்ளம் அந்த உடைக்குள் கொண்டுபோய்ச் செருகிவிட்டது. ஆள் தாவிக் கரையேறிவிட்டார். படகு மாட்டிக்கொண்டது. கிடக்கட்டும், தண்ணீர் வடிந்தபிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றார் அண்ணாச்சி. நீ கேட்கிற ஆளா? இறங்கி, கிளையை விலக்கி, உடைக்குள் நடந்துபோய்ப் படகை உருவிக்கொண்டு வந்தாய். முகத்தில் கீறல், கையில் கீறல். கரையில் உட்கார்ந்து வலது பாதத்தைத் திருப்பிப் பார்த்தாய். முள் ஒன்று ஏறி உள்ளேயே ஒடிந்திருந்தது.

எருக்கம்பாலைச் சொட்டிவிட்டால் தானாக வெளியே வந்துவிடும் என்று பக்கத்திலிருந்த செடியை ஒடித்தாய். வா, விளாத்திகுளத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஓர் ஊசி போட்டுக்கொண்டு போகலாம் என்று அண்ணாச்சி கூப்பிட்டார். முள்ளுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் என் வீட்டு ஆடு சிரிக்கும் என்றாய். எல்லாரும் சிரித்தோம். பிறகு என்னைப் பார்த்து, பெருமையாகத்தான் சொன்னாய்:

"வலிக்கவே இல்லட்டி."

ஆட்டுக்காரி காலு, ஆணி அடித்தாலும் இறங்காது என்று வேனில் திரும்பும்போது பேசிக்கொண்டு வந்தோம். கோவில்பட்டி வரும்வரை உன் பேச்சுத்தான்.

தை பிறந்து நீ என் கடைக்கு வந்தபோது காலில் துணி சுற்றியிருந்தாய். நொண்டவில்லை. நொண்டியிருந்தால் பார்த்தவுடனே எனக்கு உறைத்திருக்கும். துணியை அவிழ்க்கச் சொன்னேன். பாதம் வீங்கி, முள் ஏறிய இடம் கறுத்து, கடைக்குள் ஒரு நாற்றம் பரவியது. வலிக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். இல்லை என்றாய், இன்னமும் அதே பெருமையோடு. உன்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சர்க்கரை எக்கச்சக்கமாக இருக்கிறது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது என்று திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். உனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் உனக்குத் தெரியும்.

திருநெல்வேலியில் அந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இந்தச் சர்க்கரை உனக்கு ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, அது பாதத்து நரம்புகளைக் கொன்றுவிட்டது, அதனால்தான் முள் ஏறியும் வலிக்கவில்லை என்றார். எதை நினைத்து நாங்கள் அத்தனை பேரும் வேனில் சிரித்துக்கொண்டு வந்தோம் என்று அப்போதுதான் புரிந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், உடனே எடுத்தால் உயிருக்கு வழியுண்டு என்றார் டாக்டரம்மா.

நீ முடியாது என்று சொல்லிவிட்டாய். ஒற்றைக் காலோடு ஆட்டுக்குப் பின்னால் எப்படிப் போவேன், இப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாய். உன் வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்தார். உன் அண்ணன் அதட்டிப் பார்த்தார். வராந்தாவில் உன் வீட்டுக்காரர் என் முன்னால் வந்து நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய மனுஷர் அழுது நான் பார்த்ததில்லை.

"நீங்க சொல்லுங்கம்மா. நீங்க சொன்னாக் கேப்பா."

நான் உள்ளே வந்து உன் கட்டிலில் உட்கார்ந்தேன். சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றுகூட யோசித்து வரவில்லை. நீ திரும்பாமலே கேட்டாய்.

"ஒத்தக் காலோட படகு ஓட்ட முடியுமாட்டி?"

பார்க்கிறவர்கள், படகுக்குள் கால் சும்மா நீட்டிக்கிடக்கிறது என்றுதான் நினைப்பார்கள். உனக்கும் எனக்கும் தெரியும். உள்ளே இரண்டு கட்டைகள், அவற்றை இரண்டு பாதமும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நுரையில் படகு சாயும்போது பாதத்தை அழுத்தித்தான் நிமிர்த்துகிறோம். மிஷின் மிதித்துப் பிழைக்கிறவளுக்குப் பாதத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். முடியுமா முடியாதா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அப்படி ஓட்டிய யாரையும் நான் பார்த்ததில்லை.

முடியும் என்றேன்.

இப்போது திரும்பி என் கண்ணைப் பார்த்தாய். "சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப எடுக்கச் சொல்லு."

இவ்வளவுதான். உன் வீட்டுக்காரரிடம் வந்து சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

காலை எடுத்தபிறகு நீ கண் விழித்தாய், என்னை அடையாளம் கண்டாய், வெள்ளாடு குட்டி போட்டுவிட்டதா என்று கேட்டாய். இரண்டு குட்டி என்றேன். அது உண்மைதான். பிழைத்துவிட்டாய் என்று நினைத்து, கோவில்பட்டிக்கு வந்து கடையைத் திறந்து நாலு ஜாக்கெட்கூடத் தைத்துவிட்டேன். அதற்குள் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. போன் வந்தபோது கையில் கத்தரி இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று பிறகு ரொம்ப நாள் தேடினேன்.

உன்னை அடக்கம் செய்த அன்றைக்குப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசியதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். பொம்பளைக்கு எதற்குப் படகு, கடைசியில் தண்ணீர் காவு வாங்கிவிட்டது பார் என்றார்கள். எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எழுந்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்கு வந்தது. தண்ணீர் அவளை என்ன செய்தது? எத்தனை தடவை கவிழ்த்தது, அத்தனை தடவையும் கரையில்தானே கொண்டுவந்து விட்டது? உன் வீட்டுக்காரர்தான் தலை நிமிர்ந்து சொன்னார்.

"தண்ணி என்ன செய்யும்? அது எங்க காட்டு முள்ளுதான்."

அதன்பிறகு அண்ணாச்சி யாரையும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அடி தடித்த ரப்பர் ஷூ வாங்கிவந்து போட்டார். போடாதவர்கள் படகில் ஏறக்கூடாது என்றார். முதலில் போய்ச் சர்க்கரை பார்த்துவிட்டு வாருங்கள் என்றும் சொன்னார். செருப்போடு தண்ணீரில் இறங்கமாட்டோம் என்று சிலர் விலகிப் போனார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. முதல் நாள் நானும் உங்கள் கண்மாய்க் கரையில் ஷூவைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கையெடுத்துக் கும்பிட்டு, மன்னித்துக்கொள் தாயே என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். மலம் மிதித்த காலோடு கோயிலுக்குள் போகிற மாதிரி உடம்பு கூசியது.

மறுவருடம் தண்ணீர் வந்ததா என்று கேட்பாய். வந்தது, ஏட்டி. இந்த வருடமும் வந்திருக்கிறது. முந்தியைவிடக் கூடுதலாகவே வந்து, கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தது. செருப்புக்காலோடு இறங்கிய எங்கள்மேல் அதற்குக் கோபமே இல்லை. முதல் முறை பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை, ஆத்திரமாக வந்தது. இது இப்படித்தான் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? யாரைக் கேட்பது இதை? கண்மாயைப் பார்த்துக் கேட்டேன், அது பாட்டுக்கு அலையடித்துக்கொண்டு கிடந்தது.

கண்மாயில் இறங்கினேனே தவிர, தரைப்பாலத்துப் பக்கம் போன வருடம் முழுக்கப் போகவில்லை. மற்றவர்கள் கூப்பிட்டார்கள், இடுப்பு வலி என்றேன். என் மனசில் கிடந்தது வேறு. மிஷினை மிதிக்கும்போதெல்லாம் ஒரு பாதத்தைத் தூக்கிவிட்டு மிதித்துப் பார்ப்பேன். படுத்திருக்கும்போது காலை மடக்கிப் பார்ப்பேன். சாகக் கிடந்தவளிடம் நான் சொன்னது நடக்கிற காரியமா, நடக்காத காரியமா? நீ என் வார்த்தையை நம்பிக் காலைக் கொடுத்தாய். பிழைத்து வந்து, எங்கட்டி என் படகு என்று கேட்டிருந்தால் உன்னை எதில் உட்கார வைத்திருப்பேன்?

போன ஞாயிற்றுக்கிழமை வைப்பாறு நல்ல ஓட்டத்தில் இருந்தது. அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். வலது காலை மடக்கி உட்கார்ந்தபடி, தரைப்பாலத்து இறக்கத்தில் இறங்கப் போகிறேன் என்றேன். கவிழ்ந்தால் நிமிர முடியாதே அம்மா என்றார். தெரியும் என்றேன். அவர் கயிற்றை எடுத்துக்கொண்டு, விழுந்தால் எடுக்கத் தோதான இடமாகப் பார்த்துக் கீழே போய் நின்றார்.

முதல் தடவை நுரையில் மூக்கு நுழைந்ததுமே படகு வலதுபக்கம் சாய்ந்தது. மிதிக்கப் பாதம் இல்லை. கவிழ்ந்து, கறுப்புத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்து, கயிற்றைப் பிடித்து வெளியே வந்தேன். இரண்டாவது தடவையும் அதேதான். போதும்மா என்றார் அண்ணாச்சி. பல்லெல்லாம் மண். கரையில் உட்கார்ந்து யோசித்தேன். பாதம்தானே இல்லை, முட்டி இருக்கிறதே. மடக்கிய காலின் முட்டியைப் படகின் மேல்தட்டில் இறுக்கி முட்டுக்கொடுத்து, சாய்கிற பக்கம் துடுப்பை முன்கூட்டியே ஊன்றினால்? திரும்பவும் மேலே ஏறிப்போய் இறங்கினேன்.

அழகாகப் போனேன் என்று சொல்லமாட்டேன். பாதி இறக்கத்தில் படகு திரும்பிக்கொண்டது, கீழே வந்து சேர்ந்தது பின்பக்கமாக. நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். ஆனால் கவிழவில்லை. அண்ணாச்சி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். நான் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு, ஓடுகிற தண்ணீரோடு போய்க்கொண்டே அழுதேன்.

முடியும், ஏட்டி. ஒற்றைக் காலோடு படகு ஓட்ட முடியும். அன்றைக்கு உன் கட்டிலில் உட்கார்ந்து சத்தியம் செய்தபோது எனக்கு அது தெரியாது. இப்போது தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், சொல்லு. இந்த உலகத்தில் அதைக் கேட்டவள் நீ ஒருத்திதான்.